முப்பது வினாடி அமைதி

ஜனவரி 9

அன்புள்ள அக்கா,

பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். எனக்கும் ஒன்றுமில்லை, கேமராவுக்கும் ஒன்றுமில்லை. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? நான்கு நாள் எங்களுக்கு ஓடி ஓடி டீ போட்டதில் கூடியிருக்கும். மாமாவுக்கு இருமல் நின்றதா?

உன் வீட்டைத் தலைகீழாக்கிவிட்டுத்தான் கிளம்பினோம். வெளிச்சத்துக்காக ஜன்னல் திரையைக் கழற்றினோம், சத்தம் வரும் என்று ஃபேனை நிறுத்தினோம், சுவர்க் கடிகாரத்தைக்கூட விடவில்லை. அது டிக் டிக் என்று அடித்ததால் போர்வையில் சுருட்டி எங்கோ வைத்தோம். எங்கே என்று கேமராமேனுக்கே நினைவில்லையாம். பீரோவுக்குள் பார்.

மாமா நன்றாகப் பேசினார். அந்த மில் தீயைப் பற்றிப் பதினோரு வருஷம் கழித்து, அன்றைக்கு அங்கே வாட்ச்மேனாக இருந்தவரே கேமரா முன்னால் உட்கார்ந்து பேசுவது சின்ன விஷயமில்லை. துணி திருடு போகிறதென்று வேலை நேரத்தில் பின்கேட்டைப் பூட்டச் சொன்னது மேனேஜர், சாவியைத் தன் ரூமில் வைத்துக்கொண்டதும் மேனேஜர், அதனால்தான் நாலு பெண்கள் கேட்டுக்கு உள்பக்கமே செத்துப் போனார்கள் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். படத்துக்கு அதுதான் முதுகெலும்பு.

பேட்டி முடிந்ததும் யாரும் மூச்சுவிடக் கூடாது என்று நான் மிரட்டியதைப் பார்த்து முதல் நாள் நீ சிரித்தாய். ஒவ்வொரு அறைக்கும் ஒரு அமைதி உண்டு அக்கா. எடிட்டிங்கில் பேச்சை வெட்டி ஒட்டும்போது அந்த அமைதியை அடியில் விரித்தால்தான் ஒட்டுப் போட்டது தெரியாது. அதனால் எங்கே பேட்டி எடுத்தாலும் கடைசியில் முப்பது வினாடி சும்மா பதிவு செய்துகொள்வோம்.

ஒப்புதல் படிவத்தில் மாமா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "என் மச்சினிச்சி நீட்டுற காகிதத்தை நான் படிச்சு வேற பாக்கணுமா?" என்றார். படித்தே போட்டிருக்கலாம், அவரிடம் சொல்.

பதில் எழுது. எழுதாவிட்டால் உன்னையும் படத்தில் போட்டுவிடுவேன்.

உன் வாலு

•

ஜனவரி 27

வாலுக்கு,

உன் கடிதம் வந்தது. முட்டி அதன் பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்கு நடக்கிறேன். மாமாவின் இருமல் போய்விட்டது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை டீயிலேயே காலம் ஓடுகிறதா? வந்தபோது கழுத்தெலும்பு தெரிந்தது. உன் எதிரில் சொன்னால் சண்டைக்கு வருவாய் என்று சொல்லவில்லை.

கடிகாரம் அழுக்குத் துணிக் கூடையில் கிடந்தது. நல்லவேளை, ஊற வைக்கும் முன் பார்த்தேன்.

போனில் பேசலாமே என்று கேமராக்காரர் என்னிடம் கேட்டார். நீ அவருக்குச் சொல்லவில்லையா? இருபது வருஷம் தறி ஓடிய ஹாலில் நின்ற காது. மில்லே எரிந்து முடிந்துவிட்டது, அதன் இரைச்சல் மட்டும் என் தலைக்குள் இன்னும் ஷிஃப்ட் பார்க்கிறது. என்னிடம் போனில் பேசுவது செவிடன் காதில் ஊதிய சங்குதான். அவசரம் என்றால் எதிர்வீட்டுத் தையல்கார அம்மா கடைக்குப் போன் பண்ணு. அவள் கேட்டு, சாக்பீஸால் துணியில் எழுதிக் காட்டுவாள்.

அவள் தினமும் படம் எப்போது வரும் என்று கேட்கிறாள். அவள் மகள் போட்டோவை நீங்கள் படம் எடுத்தீர்கள் அல்லவா, அதிலிருந்து அந்த போட்டோவுக்குப் புதுக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறாள். செத்துப்போன நாலு பேரில் அவள் மகள்தான் சின்னவள், பத்தொன்பது வயது. அவளுக்கு உன் மேல் அவ்வளவு மரியாதை வந்துவிட்டது.

இன்னொரு விஷயம். பேட்டி முடிந்ததும் உன் மாமா தண்ணீர் குடிக்க அடுப்படிக்கு வந்தாரே, அப்போது அந்தக் குட்டி மைக் அவர் காலரிலேயே இருந்திருக்கிறது. திரும்பிப் போன பிறகுதான் கேமராக்காரர் பார்த்துச் சிரித்துக்கொண்டே கழற்றினாராம். "அது அப்ப ஓடிட்டு இருந்துச்சா, அணைஞ்சு இருந்துச்சா? உன் தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை கேளேன்" என்று இரண்டு வாரமாக என்னை அரிக்கிறார். தட்டில் கையை வைத்தபடியே யோசனையில் உட்கார்ந்துவிடுகிறார். அப்படி ஒன்றும் ராஜ ரகசியம் பேசிவிடவில்லை. இருந்தாலும் கேட்டதற்கு ஒரு வரி எழுதிப் போடு.

அக்கா

•

பிப்ரவரி 20

அன்புள்ள அக்கா,

எடிட்டிங் அறையிலேயே பொழுது போகிறது, அதனால்தான் தாமதம். நான் சுகம். உங்கள் இருவர் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமாவிடம் சொல், மைக் அணைந்துதான் இருந்தது. கேமரா நின்றால் அதுவும் நின்றுவிடும். ஒன்றும் பதிவாகவில்லை.

மற்றவை பிறகு எழுதுகிறேன்.

வாலு

•

மார்ச் 15

டைரக்டர் அம்மாவுக்கு,

சௌக்கியம்தானே? என் உடம்பில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் யார் முந்துவது என்று போட்டி போடுகின்றன. நான் நடுவர் மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய எழுபத்து நாலு நிமிஷப் பிரதியைப் பார்த்தேன். எனக்குப் பிடித்திருக்கிறது. அதுதான் கவலை, எனக்குப் பிடித்த படம் எதுவும் இதுவரை விற்றதில்லை. ஆவணப்படம் விற்கிற இந்தத் தொழிலில் இருபத்திரண்டு வருஷமாகக் கண்டுபிடித்த ஒரே விதி அது.

மூன்று டிவிக்காரர்களிடம் கொடுத்தேன். மூன்று டேப்பும் திரும்பி வந்துவிட்டன. "இது செய்தி, படம் இல்லை" என்று ஒருவர் துண்டுச்சீட்டு வைத்திருந்தார். அவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. எல்லாரும் முதலாளியைத் திட்டுகிறார்கள். பார்க்கிற நாமும் கூடச் சேர்ந்து திட்டுகிறோம். திட்டி முடித்ததும் நமக்கு வேறு வேலை வந்துவிடுகிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த வாட்ச்மேன் சாவியைப் பற்றிப் பேசும்போது உங்களைப் பார்க்கவில்லை, கதவைப் பார்க்கிறார். அவரிடம் ஏதோ இருக்கிறது. டேப்புகளில் வேறு எதுவும் இல்லையா? நன்றாகத் தேடிப் பாருங்கள். மூன்று வருஷ உழைப்பு பெட்டியில் கிடக்க வேண்டாம்.

உங்கள் விநியோகஸ்தர்

•

ஏப்ரல் 6

மதிப்பிற்குரிய சார்,

உங்கள் சர்க்கரை இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். நான் நலம் என்று எழுத ஆசைதான்.

தேடச் சொன்னீர்கள். தேட வேண்டியதே இல்லை. அது எங்கே இருக்கிறது என்று முதல் நாளிலிருந்து எனக்குத் தெரியும். பதினாறாவது டேப், கடைசி முப்பது வினாடி. மேலே 'அறை அமைதி' என்று என் கையாலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

எங்கள் குழு இரண்டே பேர். கேமரா அவர், சத்தம் நான். அன்றைக்குப் பேட்டி முடிந்ததும் வாட்ச்மேன் தண்ணீர் குடிக்க எழுந்து போனார். அவர் என் அக்காவின் கணவர். இதை உங்களிடம் இதுவரை சொல்லாமல் இருந்தேன். காலர் மைக்கைக் கழற்ற மறந்துவிட்டேன். உண்மையாகவே மறந்தேன், அதுவரைக்கும் நான் யோக்கியம். கேமராமேனை அசையாமல் இருக்கச் சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டு அமைதியைப் பதிவு செய்ய ஆரம்பித்தேன். அமைதிக்குப் பதிலாக அடுப்படி கேட்டது.

அடுப்படி வீட்டுக்குப் பின்னால் தனியாக இருக்கிறது. வெறும் காதுக்கு ஒன்றும் எட்டாது. என் அக்காவுக்குக் காது மந்தம், அதனால் அவளிடம் ரகசியம் சொல்வதென்றாலும் மாமா உரக்கத்தான் சொல்ல வேண்டும். சொன்னார்.

"மறுபடியும் பொய் சொல்லிட்டேன். சாவி மேனேஜர் ரூம்ல இருந்துச்சுன்னு சொல்லிட்டேன்."

"மெதுவாப் பேசுங்க."

"மெதுவாச் சொன்னா உனக்குக் கேக்குதா? சாவி என் பைலதான் இருந்துச்சு. பயந்துபோய் முன்கேட் பக்கம் ஓடிட்டேன். அந்தப் பிள்ளைங்க கேட்டைத் தட்டுற சத்தம் கேட்டுக்கிட்டேதான் ஓடினேன்."

"பதினோரு வருஷம் போயிடுச்சு, மிச்சமும் போகட்டும். வாயைத் துடைச்சிட்டுப் போய் உட்காருங்க."

ஹெட்போனைக் கழற்றியிருக்கலாம். மெஷினை நிறுத்தியிருக்கலாம். கேட்கக் கூடாததைக் கேட்கிறோம் என்று மனசுக்குள் உறைக்கிறது, கண் மட்டும் மெஷினில் முள் சரியான அளவுக்கு ஆடுகிறதா என்று பார்க்கிறது. என் தொழில் என்னை இப்படிப்பட்ட ஆளாக ஆக்கிவிட்டதா, இப்படிப்பட்ட ஆள் என்பதால்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேனா என்று தெரியவில்லை. மாமா திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "எல்லாம் சரியா வந்துச்சாம்மா?" என்று கேட்டார். சரியாக வந்தது என்றேன்.

மைக் ஓடியதா என்று அக்கா எழுதிக் கேட்டாள். இல்லை என்று பதில் போட்டேன்.

எதிர்வீட்டில் மகளைப் பறிகொடுத்த ஒரு அம்மா இருக்கிறாள், அவளுக்கு உண்மை தெரிய வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சொல்லிப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று டேப் திரும்பி வரும் வரைக்கும் அந்த நியாயம் எனக்குத் தோன்றவே இல்லை. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்களே, அது நான்தான்.

அந்த இருபத்தெட்டு வினாடியைச் சேர்த்த பிரதியை இத்துடன் அனுப்புகிறேன். திரையில் மாமா எழுந்து போன காலி நாற்காலி மட்டும் தெரியும். சத்தம் கரகரப்பாக இருப்பதால் பேச்சை அடியில் எழுத்தாகவும் போட்டிருக்கிறேன். பார்த்துவிட்டு வேண்டாம் என்று ஒரு வரி எழுதுங்கள், எடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு, உங்கள் டைரக்டர்

•

மே 18

வாலுக்கு,

உன் கடிதங்கள் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகிவிட்டன. ஜனவரியில் இரண்டு பக்கம், பிப்ரவரியில் ஆறு வரி, அதன் பிறகு அதுவும் இல்லை. உடம்புக்கு ஏதாவதா? மனசுக்கு ஏதாவதா? கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டேன், பயப்படாமல் எழுது.

இங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறோம். அதிலும் உன் மாமாவைப் பார்த்தால் நம்ப மாட்டாய். அந்த ஆறு வரியை மூன்று முறை படித்தார். பிறகு என் காதருகே வந்து, "அணைஞ்சுதான் இருந்துச்சாம்" என்றார். அன்றைக்கே ஒரு தட்டு அதிகமாகச் சாப்பிட்டார். இப்போது பழையபடி என்னைக் கேலி செய்கிறார், ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வாசலில் உட்காருகிறார். போன வாரம் தையல்கார அம்மா கடையில் கூரைத் தகடு ஒழுகுகிறது என்று தானே ஏணி வைத்து ஏறி மாற்றிக் கொடுத்தார். "இந்த வயசுல எதுக்கு ஏறுறீங்க?" என்று அவள் கீழே நின்று கத்துகிறாள். இறங்கி வந்ததும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் முகத்தை அவர் நேராகப் பார்த்துப் பேசியதை நான் பல வருஷம் கழித்து அன்றுதான் பார்த்தேன்.

அப்படி என்னதான் பேசினீர்கள் என்று நீ கேட்கவில்லை. கேட்காததும் நல்லதுதான். புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும்.

படம் எப்போது வரும் என்று எழுது. இல்லாவிட்டால் தையல்கார அம்மா என்னைத் தெருவில் நடக்க விட மாட்டாள்.

அக்கா

•

ஜூன் 22

டைரக்டர் அம்மாவுக்கு,

சுகமா? என் சுகத்தைப் பிறகு எழுதுகிறேன், முதலில் விஷயத்தைக் கேளுங்கள்.

உங்கள் படம் விற்றுவிட்டது. நான் அனுப்பி வைத்திருந்த திரைப்பட விழாவில் நடுவர் பரிசு கிடைத்த மறுநாளே டிவிக்காரர்கள் ஆள் அனுப்பினார்கள், "செய்தி, படம் இல்லை" என்று சீட்டு வைத்தவரும் அதில் ஒருவர். ஆகஸ்ட் 12, ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு நாடு முழுவதும் ஒளிபரப்பு. இன்னும் நான்கு நாட்டு டிவிக்களோடு பேச்சு நடக்கிறது.

அவர்கள் அலுவலகத்தில் எட்டு பேர் உட்கார்ந்து பார்த்தோம். அந்தக் காலி நாற்காலி வந்தபோது யாரும் டீயைத் தொடவில்லை. நானும்தான்.

வேண்டாம் என்று நான் எழுத வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அம்மா, வேண்டாம் என்று நினைக்கிறவர் அதை வெட்டி, ஒட்டி, அடியில் எழுத்தும் போட்டு அனுப்ப மாட்டார். ஒப்பந்தம் இத்துடன் இருக்கிறது. சம்மதமானால் கையெழுத்திட்டு அனுப்புங்கள்.

விநியோகஸ்தர்

•

ஜூலை 9

டைரக்டர் அம்மாவுக்கு,

முதலில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் திங்கட்கிழமை வந்தது. அந்த இருபத்தெட்டு வினாடியை எடுத்துவிடுங்கள் என்கிற கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. டிவிக்காரர்களிடம் கேட்டேன். அது இல்லாவிட்டால் படமே வேண்டாம் என்கிறார்கள், ஒப்பந்தத்தை மீறியதாக வழக்கும் போடுவார்களாம். சட்டப்படி உங்களுக்கு ஒரு சிக்கலும் இல்லை. "படப்பிடிப்பின்போது பதிவாகும் எல்லா ஒலியும் ஒளியும்" என்று உங்கள் மாமா கையெழுத்திட்ட படிவத்தில் தெளிவாக இருக்கிறது. சட்டப்படி சிக்கல் இல்லை என்பது உங்களுக்கு ஆறுதலாக இருக்காது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. ஒரு ரயிலைப் பிடித்துப் போய், அவர் எதிரில் உட்கார்ந்து சொல்லிவிடுங்கள். டிவியில் வருவதற்கு முன் அவர் வாயாலேயே அந்த அம்மாவிடம் சொல்ல அவருக்கு ஒரு வாய்ப்பாவது கிடைக்கும். இதைச் சொல்ல ஒரு வியாபாரி வேண்டியிருக்கிறதே என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது.

விநியோகஸ்தர்

•

ஜூலை 20

அன்புள்ள அக்கா,

சௌக்கியமா? மாமா சௌக்கியமா? நான் நன்றாக இருக்கிறேன், கவலைப்படாதே.

உன் காதுக்கு இங்கே ஒரு நல்ல டாக்டர் இருக்கிறார். ஆகஸ்ட் 11 சனிக்கிழமை பார்க்கச் சொல்லியிருக்கிறேன். போக வர இருவருக்கும் டிக்கெட் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை காலையில் வந்தால் திங்கள் வரை இருந்துவிட்டுப் போகலாம். மாமாவை விட்டுவிட்டு வராதே. அவர் கண்டிப்பாக வர வேண்டும்.

இதைச் சொல்லத்தான் கடைக்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் தையல்கார அம்மாதான் எடுத்தார். "அக்காகிட்ட என்ன சொல்லணும், சொல்லும்மா, எழுதிக்கிறேன்" என்றார். ஒன்றுமில்லை, சும்மாதான் என்று வைத்துவிட்டேன்.

கட்டாயம் வாருங்கள் அக்கா. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

வாலு

•

ஆகஸ்ட் 17

வாலுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். முதலில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு, பிறகு இதைப் படி.

நாங்கள் ஏன் வரவில்லை என்று நீ தவித்திருப்பாய். கிளம்பத்தான் இருந்தோம். அதற்குள் தையல்கார அம்மா டிவியில் விளம்பரம் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். ஞாயிறு மாலை ஆறு மணி என்றாள். "உன் தங்கச்சி நம்மகிட்ட சொல்லாம திடீர்னு காட்டணும்னு நினைச்சிருக்கா, கள்ளி" என்று மாமா சிரித்தார். படம் வரும்போது தெருவில் இல்லாமல் இருந்தால் நன்றாக இருக்குமா, டாக்டரைப் பிறகு பார்க்கலாம் என்று அவரே போய் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

தையல்கார அம்மா மெஷின்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு, வெட்டு மேஜை மேல் டிவியை வைத்திருந்தாள். செத்துப்போன நாலு பேர் வீட்டு ஆட்களும் வந்திருந்தார்கள், தெருவே வந்திருந்தது. மாமா இஸ்திரி போட்ட சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவள்தான் அங்கே உட்கார வைத்தாள்.

நம் வீட்டு நாற்காலி காலியாகத் தெரிந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஏதோ வேடிக்கை வரப்போகிறது என்று நினைத்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் மாமா பக்கம் திரும்பினார்கள். அதன் பிறகுதான் அடியில் ஓடிய எழுத்தைப் படித்தேன். வாயைத் துடைச்சிட்டுப் போய் உட்காருங்க என்று இருந்தது. அது நான் சொன்னதென்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

அவள் எழுந்து டிவியை அணைத்தாள். விளக்கைப் போட்டாள். பிறகு நடந்த பேச்சை மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"சாவி எந்தப் பைல இருந்துச்சு?" என்று கேட்டிருக்கிறாள்.

மாமாவின் கை தானாக வலது பக்கம் போனது. அதை நானே பார்த்தேன்.

"அந்தக் காக்கி பேன்ட் நான் தைச்சது. வலது பை ஆழமா வேணும், குனிஞ்சா சாவி விழுந்துடக் கூடாதுன்னு கேட்டீங்க. ரெட்டைத் துணி வச்சுத் தைச்சுக் குடுத்தேன்" என்றாளாம்.

அப்புறம் எல்லாரையும் போகச் சொல்லிவிட்டாள். மறுநாள் நான் தைக்கக் கொடுத்திருந்த தலையணை உறைத் துணி, வெட்டாமல் மடித்தபடியே நம் வாசலில் இருந்தது.

மாமா திங்கட்கிழமை நாலு வீட்டு வாசலிலும் போய் நின்றார். இரண்டு வீட்டில் கேட்டுக்கொண்டார்கள். ஒரு வீட்டில் திட்டினார்கள். தையல்கார அம்மா கதவைத் திறக்கவில்லை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ அங்கே அழுதுகொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். அழாதே. டேப் எங்கேயோ கலந்து போயிருக்கிறது, வெட்டி ஒட்டுகிற எவனோ உனக்குத் தெரியாமல் சேர்த்துவிட்டான். கடைசி நேரத்தில் உனக்குத் தெரிய வந்து, எங்களைத் தெருவிலிருந்து கிளப்பத்தான் டிக்கெட் அனுப்பினாய். முன்பே தெரிந்திருந்தால், அணைந்திருந்தது என்று நீ எழுதியிருப்பாயா? மாமா நாலு வாசலிலும் அதைத்தான் சொன்னார். "என் மச்சினிச்சிக்கு எதுவும் தெரியாது, அவளை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார்.

குற்றம் என் காதினுடையது. நான் கேட்கிற காதோடு இருந்திருந்தால் அவர் அதை மெதுவாகச் சொல்லியிருப்பார். மெஷினுக்கு எட்டியிருக்காது.

அக்கா

•

ஆகஸ்ட் 29

அக்கா,

நலமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

யாரும் கலக்கவில்லை, எவனும் ஒட்டவில்லை. வெட்டியதும் ஒட்டியதும் நான். அன்றைக்கு என் காதில் ஒரு கருப்பு மூடி இருந்ததே, அதில் நீங்கள் இருவரும் பேசியது முழுவதும் எனக்குக் கேட்டது. நான் நிறுத்தவில்லை. அணைந்திருந்தது என்று உனக்கு எழுதியபோது அந்த டேப் என் மேஜை மேல்தான் இருந்தது. படம் விற்கவில்லை என்றதும் அதை எடுத்துச் சேர்த்தேன். அடியில் ஓடிய எழுத்தை நானே அடித்தேன், நீ சொன்னதையும் சேர்த்து. அதனால்தான் படம் விற்றது.

சொல்ல ஐந்து வாரம் இருந்தது. நேரில் வந்து சொல்லச் சொன்னார்கள். எனக்குக் கால் எழவில்லை. டாக்டர் என்று யாரும் இல்லை அக்கா. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அந்தத் தெருவில் இருக்கக் கூடாது என்று சொன்ன பொய் அது. உன் காதை வைத்தே பொய் சொன்னேன்.

அந்த அம்மாவுக்கு உண்மை தெரிய வேண்டும் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அதை அவளிடம் சொல்ல வேண்டியவர் மாமா. அவர் சொல்லியிருப்பாரோ மாட்டாரோ, அதை நான் திருடி விற்றுவிட்டேன்.

உன் காதின் மேல் பழியைப் போடாதே. அது ஒன்றையாவது எனக்காகச் செய். அடுத்த மாதம் வருகிறேன். மாமா காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். என்னை அடித்தாலும் சரி.

வாலு

•

நவம்பர் 3

தங்கச்சிக்கு,

முட்டி வலிக்கிறது. மாமா நன்றாக இருக்கிறார். நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியவில்லை.

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. அடுப்படியில் நின்று படித்தேன். மாமா வந்து, "என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டார். அழுதிருக்கிறாள் என்றேன். "பாவம், அவளுக்கு என்ன தெரியும்" என்றார். நான் கடிதத்தை மடித்து அடுப்பில் வைத்தேன்.

தினமும் காலையில் அவர் தையல்கார அம்மா கடை எதிரில் போய்க் கொஞ்ச நேரம் நிற்கிறார். அவள் வெளியே வருவதில்லை. எனக்கு மட்டும் இப்போது ஜன்னலிலிருந்து தலையை ஆட்டுகிறாள். "தானா வெளிய வந்துடுச்சு, அது வரைக்கும் நல்லது. யாரும் செஞ்ச வேலை இல்ல, வேளை வந்துச்சு" என்று மாமா சொல்கிறார். தெருவில் யாராவது உன்னைத் திட்டினால் மட்டும் அவருக்குக் கோபம் வருகிறது. தன்னைத் திட்டினால் தலையைக் குனிந்துகொண்டு போகிறவர், உனக்காகத் திரும்பி நின்று சண்டை போடுகிறார். நாலு வாசலில் நின்று அவர் உறுதியாகச் சொன்ன ஒரே விஷயம் உனக்கு எதுவும் தெரியாது என்பதுதான். அதையும் பொய் என்று நான் எப்படி அவரிடம் சொல்வேன்?

அதனால் சொல்லப் போவதில்லை. நீயும் சொல்லக் கூடாது. காலில் விழுந்தால் உன் பாரம் இறங்கிவிடும், அதைத் தூக்கிச் சுமக்கப் போவது அவர். பதினோரு வருஷம் அவருடைய பொய்யைத் தெருவுக்குத் தெரியாமல் வைத்திருந்தேன். இனி உன்னுடைய பொய்யை அவருக்குத் தெரியாமல் வைத்திருக்க வேண்டும். எனக்குப் பழக்கம்தான்.

கோபம் இல்லை என்று எழுத மாட்டேன். இருக்கிறது. நீ என் தங்கச்சி என்பதும் இருக்கிறது.

செப்டம்பரில் வருகிறேன் என்று எழுதியிருந்தாய், வரவில்லை. இப்போது வராதே. வந்தால் மாமா வாசலுக்கே வந்து உன் பையை வாங்கிக்கொள்வார், "வாம்மா, இளைச்சுப் போயிட்டியே" என்பார். நீ எப்படியாவது தாங்கிக்கொள்வாய். பக்கத்தில் நின்று அதைப் பார்க்க என்னால் முடியாது.

எப்போது வரலாம் என்று நானே எழுதுகிறேன்.

அக்கா